அந்த அரை அடி

என்னைப் பெற்று, நிற்கவும் நடக்கவும் சொல்லிக்கொடுத்த என் சரசு அம்மாவுக்கு,

இன்று செவ்வாய்க்கிழமை, எனக்கு வார லீவு. மந்தைவெளி வீட்டில்தான் இருக்கிறேன். சாப்பாட்டு வேலை முடிந்தது. யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் நேரம் இருக்கிறது. உன் போட்டோவுக்குப் பூ வைக்கும்போது தினமும் உன்னிடம் ஏதாவது பேசிவிட்டுத்தான் நகருவேன். இந்த ஒரு வாரமாகப் பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பேத்தி ஏழாவது படிக்கிறாள். உன்னைப் போலவே மூக்குக்கு மேல் கோபம். நம் ஜவுளிக்கடையில் இன்னொரு மாடி எழுப்பிவிட்டார்கள். லிஃப்ட் இருக்கிறது, வேலை பார்க்கிற நமக்கு மட்டும் இன்னும் படிக்கட்டுதான். ஆனால் உட்கார ஸ்டூல் கொடுத்துவிட்டார்கள் அம்மா! நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்காரலாமாம். ஆடி மாதம் தி.நகரில் கஸ்டமர் இல்லாத நேரம் எது என்று மேனேஜரைத்தான் கேட்க வேண்டும். உன் கால் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகக் கிடந்ததை நினைத்துக்கொண்டு, முதல் நாள் அந்த ஸ்டூலில் உனக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

இனிமேல் வருவது நல்ல செய்தி இல்லை. இதை வேறு யாராவது படிக்கக்கூடும் என்பதால் பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன், அந்தப் பெண்ணுடையதையும் அவருடையதையும். உனக்கு யாரென்று தெரியாமலா போகும்?

போன வருஷம் கடையில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். வேலை பார்க்கிற பெண்களிடம் யாராவது தப்பாக நடந்தால் அங்கே போய்ப் புகார் கொடுக்கலாம். ஹெச்.ஆர். மேடம் அதற்குத் தலைவி. வெளியிலிருந்து ஒரு வக்கீல் அம்மா, நம் மேனேஜர், அப்புறம் ஸ்டாஃப் சார்பில் ஒரு பெண். அந்தப் பெண் நான். என் பெயரைச் சொன்னது நம் பட்டுப் பிரிவு வேணு மாமாதான். “நம்ம ஹேமாவப் போடுங்க சார். பொறுமையான பொண்ணு, அதிர்ந்து பேசாது” என்றாராம். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் பெயர்களைப் போட்டு இரண்டாவது மாடிச் சுவரில் ஒரு போர்டு மாட்டினார்கள். மறுநாளே பட்டுச்சேலை கட்டிய ஒரு பொம்மையைக் கொண்டுவந்து அதை மறைத்து நிறுத்திவிட்டார்கள். காலையில் நான் நகர்த்தி வைப்பேன். சாயங்காலத்துக்குள் அது பழைய இடத்துக்கே வந்துவிடும். யார் நகர்த்துகிறார்கள் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு, இந்த ஆடித் தள்ளுபடி ஆரம்பித்த வாரத்தில், மோனிஷா என்னிடம் வந்தாள்.

பட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்தவள், பத்தொன்பது வயது. அடையாற்றங்கரையில் பிறந்தவள். வீட்டை இடித்து இவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். சாப்பாட்டு ரூமில் நான் டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, நீங்க கமிட்டில கீறீங்கல்ல?”

“இருக்கேன். சாப்பிட்டுக்கிட்டே சொல்லு.”

“அந்தாளு கை சரியில்லக்கா. சேலைய இடுப்புல சொருவறேன்னுட்டு உள்ள வுடுறாரு. எதுக்க கஸ்டமர் உட்காந்துகினு கீது. நான் இன்னா பண்ணுவேன்? கத்தவா முடியும்? பல்ல இளிச்சிக்கினு நிக்கிறேன்.”

யார் என்று கேட்டேன். “உங்க மாமாதாங்க்கா” என்றாள். டப்பாவை மூடிவிட்டேன்.

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, நீ பொறுத்துக்கொள். எங்கள் பட்டுப் பிரிவில் சேலையைப் பிரித்துப் போட்டுக் காட்டுவதோடு விடமாட்டார்கள். ஒரு பெண்ணைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, அவள் கட்டியிருக்கும் யூனிஃபார்ம் சேலைக்கு மேலேயே விற்கிற சேலையை மடித்துத் தோளில் போட்டு, இடுப்பில் செருகி, முந்தானையை விரித்துக் காட்டுவார்கள். போட்டுக் காட்டுகிறவர் வேணு மாமா. அவர் கை பட்டால் எந்தச் சேலையும் விற்றுவிடும் என்பார்கள். என் அம்மா வருஷக்கணக்கில் அவருக்கு முன்னால் நின்றாள். அம்மாவுக்குப் பிறகு நான் நின்றேன். இப்போது எனக்கு வயதாகிவிட்டது என்று, புதிய பெண்களுக்கு நிற்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் வைத்திருக்கிறார்கள்.

மாமா என்று கூப்பிடுகிறேனே தவிர ரத்த சொந்தம் இல்லை. உனக்கு அண்ணன் தம்பி இல்லாத குறையைத் தீர்த்தவர். உன்னால் நடக்க முடியாமல் போனபோது வீட்டிலிருந்து மூன்று மாடி இறக்கி ஆட்டோவரைக்கும் தூக்கிக்கொண்டு போனவர். என் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் நின்றவர். யாழினிக்குக் காது குத்தியது அவர் மடியில் உட்காரவைத்துத்தான். நீ போன அன்றைக்குப் பெசன்ட் நகர் மயானத்தில், என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைவிடச் சத்தமாக அழுதவர்.

என்மேல் அவர் விரல் தவறிக்கூடப் பட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒருநாளும் இல்லை.

அதனால் மோனிஷா சொன்னதும் எனக்கு அவள்மேல்தான் முதலில் கோபம் வந்தது. வேலைக்குப் புதுசு, கூச்சம், எதையோ எதுவாகவோ நினைத்துக்கொண்டாள் என்று பட்டது. இருந்தாலும் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எழுதிக் கொடுத்தாள். கமிட்டி கூடியது.

ஸ்டாக் ரூமுக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன அறை. ஃபேன் ஓடியும் வேர்த்தது. மேனேஜர் கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார். கண்ணாடி, மோனிஷா, பின்னால் மாமா, மாம்பழக் கலர் சேலை. சேலைக்குள் கை எங்கே போகிறது என்று எந்தக் கேமராவுக்குத் தெரியும்? அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

“இதுல என்ன மேடம் இருக்கு? அவர் வேலையத்தான பாக்குறாரு. பொண்ணும் சிரிச்ச முகமாத்தான இருக்கு?” என்றார் மேனேஜர்.

“சிரிக்கலன்னா நீங்கதான் சார் திட்டுவீங்க” என்றாள் மோனிஷா.

வக்கீல் அம்மா அவளிடம் மெதுவாகக் கேட்டார். “அந்த நேரத்துல நீ என்னம்மா செஞ்ச? விலகுனியா?”

“விலகுனேன் மேடம். அக்கா சொல்லிக்குடுத்தாங்களே, அந்த அரை அடி, அதையும் வெச்சேன். அப்பவும் கை கூடவே வருது.” சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அன்னிக்கே கேட்டேன்லக்கா, எதுக்கு இந்த அரை அடின்னு? முந்தானை நல்லா விரியும்னீங்க. நெஜமா எதுக்குக்கா அது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கமிட்டி உறுப்பினர், கேள்வி கேட்க வேண்டியவள், மேஜையிலிருந்த அவள் புகாரையே மறுபடி படித்தேன்.

அந்த அரை அடியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. மாமா சேலையைத் தோளில் போட்டுவிட்டு இடுப்புக்கு வருகிற அந்த நொடியில், வலது காலை அரை அடி முன்னால் வைத்து, உடம்பை லேசாகக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, முந்தானையை நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். “அப்பதான் சேல விரியும், கஸ்டமருக்குப் புடிக்கும்” என்றாய். நிஜமாகவே விரியும். கஸ்டமருக்கும் பிடிக்கும். இப்போது அது எங்கள் கடை ஸ்டைல் ஆகிவிட்டது அம்மா. வீடியோ எடுத்துப் பாட்டோடு சேர்த்துப் போடுகிறார்கள். ஊரெல்லாம் பார்க்கிறது. வேறு கடைப் பெண்கள்கூட அதைப் பார்த்துச் செய்கிறார்கள். வருகிற ஒவ்வொரு பெண்ணையும் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, “இன்னும் கொஞ்சம் முன்னால, சிரிச்சுக்கிட்டே” என்று நான்தான் பழக்குகிறேன்.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பெருசு பண்ண வேணாம் ஹேமா. வேணு சாரை ஒரு சாரி சொல்ல வெச்சுடலாம். பொண்ண வேளச்சேரி கிளைக்கு மாத்திடலாம். சமாதானமாப் போயிட்டாங்கன்னு நாலு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. உங்க குடும்ப விஷயம் மாதிரிதான இது?”

சமாதானம் வேண்டுமா என்று மோனிஷாவை யாரும் கேட்கவில்லை. அதற்குள் அவளைக் கீழே அண்டர்கிரவுண்டில் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா மேலே, வழக்கமான இடத்தில், வேறொரு பெண்ணின் தோளில் சேலை போட்டுக்கொண்டிருந்தார். படியிறங்கிப் போய் அவளைப் பார்த்தேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். “தப்பு பண்ணது நானாக்கா? என்னிய எதுக்கு உள்ள தள்ளிகீறாங்க?” என்று கேட்டாள். ஒரு பெட்டியை ஒட்டிக் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் அம்மா. கையெழுத்துப் போட்டால் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன அக்கா? போடாவிட்டால் அவருக்கு நான் என்ன மருமகள்? வேலையை விட்டுவிடலாமென்றால் யாழினி ஃபீஸ் இருக்கிறது, வாடகை இருக்கிறது. யாரிடமாவது சொல்லி அழலாமென்றால், கமிட்டி விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். யாழினி அப்பாவும் இல்லை, இந்தக் கடைக்கு வெளியே எனக்கு யாரும் இல்லை. கடைக்குள்ளும் யாரும் இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. மற்ற பெண்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். யாழினிக்கு வழக்கம்போல ஜாங்கிரி வாங்கி வந்தார். உன் போட்டோவுக்கு நேராக உட்கார்ந்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவருக்குக் காபி கொடுக்காமல் இந்தக் கைக்குப் பழக்கமில்லை.

“கண்ணு, உங்கம்மா தோள்ல நான் போடாத சேலையா? எத்தினி வருஷம்! ஒரு வார்த்த என்னைப் பத்திச் சொல்லியிருப்பாளா? நேத்து வந்தது என்னென்னமோ சொல்லுது. சரசு இருந்தா இப்ப எனக்காகப் பேசியிருப்பா.”

நான் உன் போட்டோவைப் பார்த்தேன். நீ எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருந்தாய்.

“பேசியிருப்பாளா மாட்டாளா, சொல்லுமா” என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. “பாத்துக்கலாம் மாமா” என்று சொல்லி அனுப்பினேன். கையெழுத்துப் போடுவதென்று அப்போது முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதே, உள்ளே யாழினி போனில் எங்கள் கடை வீடியோவைப் போட்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, “அம்மா, இங்க பாரேன், நம்ம ஸ்டெப்பு” என்றாள். வலது காலை அரை அடி முன்னால் வைத்தாள், திரும்பினாள், சிரித்தாள். அச்சு அசலாக நீதான்.

அடி வைக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துத் தோளையும் குறுக்கினாள். நான் அப்படிச் செய்வதில்லை.

“ஏன்டி வயித்த எக்கற? அது ஸ்டெப்புல கெடையாது.”

“இருக்கும்மா. எல்லா அக்காவும் எக்கறாங்க. நீதான் ஒழுங்காப் பாக்கல.”

போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு வீடியோ, அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாப் பெண்ணும் எக்குகிறார்கள் அம்மா. மாமாவின் கை இடுப்புக்கு வருகிற நேரத்தில் வயிறு உள்ளே போகிறது, கால் முன்னால் போகிறது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு லீவான நாட்களில் வேறு சேல்ஸ்மேன் போட்டுக்காட்டிய வீடியோக்களும் இருந்தன. அவற்றில் ஒரு பெண்ணும் எக்கவில்லை. அரை அடி வைக்கக்கூட மறந்து, சும்மா, சுகமாக நிற்கிறார்கள். பாட்டுப் போட்டு ஊரே பார்க்கிற இடத்தில் இது இத்தனை நாளாக இருந்திருக்கிறது. அதைப் பழக்கிய என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

துண்டை அவள் தோளிலிருந்து பிடுங்கிவிட்டேன். குழந்தை பயந்துபோய்விட்டாள்.

அப்புறம்தான் உன் ஊக்குகள் ஞாபகத்துக்கு வந்தன. தோளில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று எல்லோரும் குத்துவார்கள். நீ இடது இடுப்புப் பக்கம், யாரும் குத்தாத இடத்தில், சேலையையும் பாவாடையையும் சேர்த்து இன்னும் இரண்டு குத்துவாய். கழற்றும்போது பாவாடைத் துணியே கிழியும். “எதுக்கும்மா இங்க?” என்று கேட்டேன். “இடுப்பு தெரியாம இருக்கத்தான்” என்றாய். வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்த இரண்டையும்தான் கழற்றுவாய். ஒருநாள் ஒன்று வளைந்து உன் இடுப்பிலேயே குத்திச் சீழ் வைத்தது. அதற்குப் பிறகும் அங்கேயே குத்தினாய்.

அம்மா, அவர் உன்னிடமும் அப்படித்தானா?

உன்னை நானென்ன குறை சொல்வது? ஒற்றை ஆளாக என்னை வைத்துக்கொண்டு, அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லாமல் நின்றாய். உனக்குக் கமிட்டி இல்லை, வக்கீல் அம்மா இல்லை. ஆனால் கோபம் வருகிறது. என்னை அவரிடமே வேலைக்கு அனுப்பினாயே? அனுப்பும்போது காரணத்தைச் சொல்லாமல், அந்தக் கையிலிருந்து விலகுகிற அடியை மட்டும் சொல்லிக்கொடுத்தாயே? அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கியபோது உன் முகம் எப்படி இருந்தது? நான் பின்னால் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் அவர் கண்ணியமாக இருந்தது எனக்காகவா, அல்லது நீ அவரிடம் ஏதாவது பேசி வைத்திருந்தாயா? இதற்கெல்லாம் யார் பதில் சொல்வார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன், திட்டாதே. எனக்கு அவரை இன்னும் பிடிக்கிறது. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் காபிக்குப் பால் வைக்கத்தான் தோன்றுகிறது. நல்லவராக இருந்ததும் அவர்தான், இதைச் செய்ததும் அவர்தான் என்றால், நான் அந்த மனுஷரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

புதன்கிழமை வக்கீல் அம்மாவுக்குப் போன் செய்தேன். “மேடம், அவரை நான் மாமான்னு கூப்பிடுறேன். என் கல்யாணத்துல மாமன் முறை செஞ்சவரு. நான் அந்த நாற்காலில உட்காரக் கூடாது” என்றேன்.

“முதல்லயே சொல்லியிருக்கணும் ஹேமா. பரவால்ல, விலகிக்குங்க. வேற ஒருத்தரப் போடச் சொல்றேன்.”

“சாட்சியா வரலாமா?”

“வரலாம். ஆனா நல்லா யோசிச்சுக்குங்க. வேணுவும் உங்களைக் கேள்வி கேக்கலாம். உங்க அம்மா பேரும் வரும்.”

ஒரு வாரம் யோசித்தேன். அங்கேதான் சிக்கிக்கொண்டு நின்றேன். மேனேஜர் பயமில்லை, வேலை போகிற பயம்கூட இவ்வளவு இல்லை. நீ வாயைத் திறக்காமல் கட்டிக்காத்த ஒன்றை, நாலு பேர் இருக்கிற அறையில் நான் எடுத்து வைக்கலாமா? உன்னைக் கேட்காமல்? உன் சிரித்த முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்லமாட்டாய் என்றுதான் அவரும் தைரியமாக இங்கே வந்து உன் பெயரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அதனால் உன் அனுமதி இல்லாமலேயே போகிறேன் அம்மா. சாட்சிக்கு வருகிறேன் என்று நேற்று வக்கீல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நாளைக்குத்தான் விசாரணை. உனக்கு என்ன நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை, அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வேன். நீ எங்கே ஊக்கு குத்தினாய் என்பதைச் சொல்வேன். வீடியோக்களை வரிசையாகப் போட்டுக் காட்டுவேன். மோனிஷாவை மறுபடி மேலே, அவள் வேலைக்குக் கொண்டுவரச் சொல்வேன். பட்டுப் பிரிவில் பெண்ணுக்குப் பெண்தான் சேலை போட்டுக் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். கேட்பார்களா, தெரியாது. வெளியே வரும்போது எனக்கு வேலை இருக்குமா, அதுவும் தெரியாது. மாமா என்று எனக்கு ஒருவர் இருக்கமாட்டார், அது மட்டும் தெரியும்.

அதற்கு முன்னால் இன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது. யாழினி வருகிற நேரம் ஆகிவிட்டது. பிடுங்கிய துண்டை அவளிடமே கொடுத்து, அதே கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, அந்த அரை அடி எதற்காக என்று சொல்லப்போகிறேன். நீ எனக்குச் சொல்லாமல் விட்டதை, நான் மோனிஷாவுக்குச் சொல்லத் தெரியாமல் விழித்ததை, அவளுக்குப் புரிகிற மாதிரி முழுசாகச் சொல்வேன். இனி இந்த வீட்டிலிருந்து யாரும் காரணம் தெரியாமல் அந்த அடியை வைக்கமாட்டார்கள். இது உன்மேல் சத்தியம்.

உன் போட்டோவுக்குக் கீழே,
உன் மகளும் யாழினிக்கு அம்மாவும் மோனிஷாவுக்கு அக்காவுமான
ஹேமா